அத்தியாயம் 6: தாவல்களைப் பற்றிய ஆவணங்களைத் திருத்துதல்

கைத்தொலைபேசிச் செயலிகளில் தாவல்கள் இரண்டு இடங்களில் வருகின்றன. தலைப்புக்குக் கீழே வரிசையாக நின்று ஒரே விடயத்தின் பல பகுதிகளைப் பிரித்துக் காட்டுபவை ஒரு வகை. திரையின் அடியில் படமும் பெயருமாக நின்று செயலியின் பெரும்பிரிவுகளுக்கு இட்டுச் செல்பவை மற்ற வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் செய்யும் வேலை வேறு. மேல்வரிசையில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு விரலால் பக்கவாட்டில் தள்ளிப் போகலாம். அடிப்பட்டையில் அப்படித் தள்ளுவது வழக்கமில்லை. அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் தனியான உட்பக்கங்கள் இருக்கும்.

தாவல்களைப் பற்றிய ஆவணமொன்று பிழையாக இருக்கிறது என்று தெரிந்தால், அது இந்த இரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியில் தாவல் என்றால் மேல்வரிசை; அடியில் இருப்பது வழிச்செலுத்தல் பட்டை. அப்பிளின் வழிகாட்டியிலோ அடியில் இருப்பதுதான் தாவல்பட்டை. மேலே பகுதி பிரிப்பதற்கு வேறொரு கூறு உண்டு. ஐஓஎஸ் செயலிக்கு எழுதிய பாடத்தை அன்ட்ரொய்டுக்கு மாற்றி எழுதும்போது இந்த இடத்தில்தான் குழப்பம் நுழைகிறது. அடிப்பட்டைக்குரிய விதியை மேல்வரிசைக்கும், மேல்வரிசைக்குரிய நிரலை அடிப்பட்டைக்கும் சொல்லிவிடுகிறார்கள். வகை பிழைத்த ஆவணத்தில் வரிவரியாகத் திருத்தி உபயோகமில்லை. அந்தப் பகுதியை முழுதாக மாற்றி எழுதுவதே வழி.

ஆவணத்தின் வயது

வகை சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வயது. தாவல் பற்றிய பிழைகளில் பெரும்பாலானவை எழுதியவரின் கவனக்குறைவால் வந்தவை அல்ல. எழுதிய நாளில் அவை சரியாகவே இருந்தன. கீழிருந்த நூலகம் நகர்ந்துவிட்டது.

அன்ட்ரொய்டில் இந்த நகர்வு அடிக்கடி நடந்திருக்கிறது. தொடக்கத்தில் டேப்ஹோஸ்ட், டேப்அக்டிவிட்டி என்ற இரண்டும் இருந்தன. 2011 இல் 3.0 பதிப்போடு அக்‌ஷன்பார் தாவல்கள் வந்தன. அதே ஆண்டில் டேப்அக்டிவிட்டி கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 2014 இல் வெளிவந்த 5.0 பதிப்பில் அக்‌ஷன்பார் தாவல்களும் அதே கதிக்குப் போயின. 2015 மே மாதம் கூகுள் வெளியிட்ட வடிவமைப்பு நூலகத்தில் டேப்லேஅவுட் வந்தது. 2016 மார்ச்சில் அடிப்பட்டை மெட்டீரியல் வழிகாட்டியில் இடம்பெற்றது. அதற்கான நிரற்கூறு அவ்வாண்டு ஒக்டோபரில் கிடைத்தது. 2018 இல் அன்ட்ரொய்ட்எக்ஸ் வந்தபோது நூலகப் பெயர்கள் எல்லாம் மாறின. 2019 இல் வியூபேஜர்2 நிலையான பதிப்பாகியது. 2021 இல் கொம்போஸின் நிலையான பதிப்பு வந்ததும், அதில் எழுதுபவருக்கு எக்ஸ்எம்எல் கோப்பே தேவையற்றுப் போனது.

ஆகவே பத்தாண்டுக்கு முன் எழுதிய பாடத்தைத் திறப்பவர் முதலில் அதன் காலத்தைக் கணிக்க வேண்டும். பாடத்தில் திகதி போட்டிருந்தாலும் அதை நம்பத் தேவையில்லை. நிரலின் தலையில் உள்ள இறக்குமதி வரிகளே போதும். சப்போர்ட்.டிசைன் என்று வந்தால் அது 2018 இற்கு முந்திய உலகம். மெட்டீரியல்.டேப்ஸ் என்று வந்தால் அதற்குப் பிந்தியது. இரண்டும் ஒரே பாடத்தில் கலந்திருந்தால், யாரோ பாதி திருத்திவிட்டு நிறுத்தியிருக்கிறார். அதுவே மிகவும் ஆபத்தான நிலை. முழுக்கப் பழைய பாடம் ஓடாது என்பது உடனே தெரிந்துவிடும். பாதி திருத்திய பாடமோ படிப்பவரை அரை நாள் அலைக்கழிக்கும்.

பெயரை மட்டும் தேடி மாற்றுவது திருத்தம் ஆகாது என்பதற்கு வியூபேஜர் நல்ல சான்று. வியூபேஜர் என்று இருந்த இடமெல்லாம் வியூபேஜர்2 என்று போட்டால் நிரல் தொகுப்பியைக்கூடத் தாண்டாது. பழையதற்கு ஃபிராக்மென்ட்பேஜர்அடாப்டர், புதியதற்கு ஃபிராக்மென்ட்ஸ்டேட்அடாப்டர். பக்கத்தைத் தரும் செயற்கூறின் பெயரும் எண்ணிக்கையைத் தரும் செயற்கூறின் பெயரும் வேறு. டேப்லேஅவுட்டோடு இணைக்கும் முறையும் வேறு. இவற்றை எப்படியோ சமாளித்தாலும், பெயருக்குள் வராத நடத்தை மாற்றம் ஒன்று மிஞ்சும். பழைய வியூபேஜர், கண்ணுக்குத் தெரியும் பக்கத்தோடு அதன் அடுத்த பக்கத்தையும் எப்போதும் தயாராக்கி வைக்கும். வியூபேஜர்2 வழமையில் அப்படி வற்புறுத்துவதில்லை. 'அடுத்த தாவலின் தரவு ஏற்கனவே இறங்கியிருக்கும்' என்று பழைய ஆவணம் சொல்லியிருந்தால், பெயர் மாறிய பிறகு அந்த வாக்கியம் பொய்யாகிறது. நிரலைத் திருத்துபவர்கள் விளக்க வாக்கியங்களைத் திரும்பப் படிப்பது குறைவு. பிழை தங்குவதும் அங்கேதான்.

பெயரில்லாத தாவல்கள்

ஒரு பிழையைக் கிட்ட வைத்துப் பார்ப்பது நல்லது. டேப்லேஅவுட் பற்றிய பாடங்களில் இதுபோன்ற பந்தி பல இடங்களில் காணப்படுகிறது: எக்ஸ்எம்எல் கோப்பில் மூன்று டேப்ஐட்டம்களை எழுதவும், ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுக்கவும், பின்னர் டேப்லேஅவுட்மீடியேட்டரைக் கொண்டு வியூபேஜர்2 உடன் இணைக்கவும். படிக்க எந்தக் குறையும் தெரியாது. எழுதி ஓட்டினால் மூன்று தாவல்களும் வருகின்றன, தொட்டால் பக்கமும் மாறுகிறது. ஆனால் தாவல்களில் பெயர் இல்லை.

காரணம் மீடியேட்டரின் வேலை முறை. அதை இயக்கியதும் டேப்லேஅவுட்டில் ஏற்கனவே இருக்கும் தாவல்களை எல்லாம் அது நீக்கிவிடுகிறது. பிறகு அடாப்டரில் எத்தனை பக்கம் உண்டோ அத்தனை புதுத் தாவல்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று நிரலெழுதியவர் கொடுத்த செயற்கூறைக் கேட்கிறது. அந்தச் செயற்கூறு வெறுமையாக இருந்தால் தாவலும் வெறுமையாகவே நிற்கும். எக்ஸ்எம்எல்லில் எழுதிய பெயர்கள் முதலிலேயே அழிந்துவிட்டன. பழைய வியூபேஜரோடு இணைத்தபோதும் இதே கதைதான். அங்கே பெயரைத் தருவது அடாப்டரின் தலைப்புச் செயற்கூறு.

இதைத் திருத்த முனையும் சிலர், இணைத்த பிறகு ஒவ்வொரு தாவலாக எடுத்துப் பெயர் வைக்கும் வரிகளைச் சேர்க்கிறார்கள். அப்போதைக்குப் பெயர் வந்துவிடும். பக்கங்களின் எண்ணிக்கை மாறி அடாப்டர் புதுப்பிக்கப்படும்போது மீடியேட்டர் மறுபடி எல்லாவற்றையும் நீக்கிக் கட்டும். பெயர்கள் மறுபடி காணாமற்போகும். சரியான திருத்தம் இப்படி இருக்க வேண்டும்: 'வியூபேஜர்2 உடன் இணைக்கும்போது தாவல்களை எக்ஸ்எம்எல்லில் எழுத வேண்டாம். மீடியேட்டருக்குக் கொடுக்கும் செயற்கூறில், இட எண்ணைப் பார்த்துப் பெயரை அமைக்கவும். கடைசியில் அட்டாச் செய்ய மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் தாவலும் பக்கமும் இணையாது. முன்னர் எழுதிய டேப்ஐட்டம்கள் இருந்தால் மீடியேட்டர் அவற்றை நீக்கிவிடும்.' கடைசி வாக்கியம் மிகை என்று தோன்றலாம். பழைய பாடத்தைப் பின்பற்றிப் பெயர் தொலைந்து தவிப்பவருக்கு வேண்டியதே அந்த வாக்கியம்தான். என்ன செய்ய வேண்டும் என்பதோடு, முன்பு ஏன் நடக்கவில்லை என்பதையும் சொன்னால்தான் திருத்தம் முழுமை பெறும்.

ஃபிளட்டர் ஆவணங்களில் இதற்கு இணையான இடம் எண்ணிக்கை. டேப்கொன்ட்ரோலரில் ஓர் எண், டேப்பாரில் தாவல்களின் பட்டியல், டேப்பார்வியூவில் பக்கங்களின் பட்டியல்: மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 'நான்காவது தாவல் வேண்டுமானால் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கவும்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதைச் செய்பவரின் திரையில் எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற சிவப்புப் பக்கம்தான் வரும். மூன்று இடத்தையும் ஒரே பந்தியில் சொல்வதே திருத்தம். அடிப்பட்டையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஃபிளட்டரின் பழைய அடிப்பட்டை மூன்று உருப்படி வரை ஒரு விதமாகவும், நான்கானதும் வேறு விதமாகவும் நடக்கும்; நான்கில் தேர்ந்த உருப்படியின் பெயர் மட்டும் தெரியும். நான்காவதைச் சேர்க்கச் சொல்லும் ஆவணம், மற்றப் பெயர்கள் மறைவதையும் அதை நிறுத்தும் அமைப்பையும் சொல்லியே ஆக வேண்டும்.

பின்செல்லும்போது நடப்பது

பெயரும் எண்ணும் பிழைத்தால் திரை காட்டிக்கொடுத்துவிடும். நடத்தை பிழைத்தால் அப்படியல்ல. அடிப்பட்டையில் ஒரு பிரிவுக்குள் மூன்று பக்கம் ஆழமாகப் போனவர் வேறொரு பிரிவைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் எங்கே நிற்பார்? ஐஓஎஸ் இல் விட்ட இடத்திலேயே நிற்பார். ஒவ்வொரு தாவலும் தன் பக்க அடுக்கைத் தானே வைத்திருக்கும். அன்ட்ரொய்டில் இதற்கு நீண்ட காலம் நேரான வழி இருக்கவில்லை. கூகுளே மாதிரி நிரலொன்றில் சுற்றுவழி காட்டியிருந்தது. அந்தக் கோப்பை அப்படியே நகலெடுக்கச் சொல்லும் ஆவணங்கள் இன்றும் புழங்குகின்றன. நேவிகேஷன் நூலகத்தின் 2.4.0 பதிப்பிலிருந்து பல அடுக்குகளை வைத்திருக்கும் வசதி நூலகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எனவே அந்தச் சுற்றுவழியைச் சொல்லும் பகுதியைத் திருத்துவது என்றால், அதை நீக்குவதுதான். கொம்போஸில் மட்டும் நிலையைச் சேமி, மீட்டெடு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் நடத்தை மாறும்.

அன்ட்ரொய்டின் பின்செல் பொத்தானுக்கும் தனி விதி உண்டு. தொடக்கப் பிரிவு அல்லாத எந்தப் பிரிவின் முதற்பக்கத்திலிருந்து பின்சென்றாலும் தொடக்கப் பிரிவுக்கே வர வேண்டும், அங்கிருந்துதான் செயலியை விட்டு வெளியேற வேண்டும் என்பது நேவிகேஷன் நூலகத்தின் கொள்கை. தொட்ட தாவல்களின் வரிசையில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகும் என்று எழுதியிருந்தால் அது பிழை.

இத்தகைய வாக்கியங்களைச் சரிபார்க்க ஒரே வழி, செயலியைக் கையில் எடுத்து அந்தப் பாதையில் நடந்து பார்ப்பது. ஆவணத்தின் மாதிரி நிரலைப் புதிய திட்டமொன்றில் எழுதி, சொன்ன வரிசையில் தொட்டு, பின்சென்று, திரையைத் திருப்பி, மொழியை மாற்றிப் பார்க்க வேண்டும். திரையைத் திருப்பும்போதும் மொழியை மாற்றும்போதும் அன்ட்ரொய்ட் அந்தத் திரையை மறுபடி கட்டுகிறது. தொடக்கத்தில் முதல் தாவலைத் தேர்ந்தெடுக்கும் வரியை ஆவணம் கண்ட இடத்தில் எழுதச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு தடவையும் பயனர் முதல் தாவலுக்கே தள்ளப்படுவார்.

தமிழ்ப் பெயரும் தாவலின் அகலமும்

அன்ட்ரொய்ட் ஸ்டூடியோ தரும் அடிப்பட்டை மாதிரியில் ஹோம், டாஷ்போர்ட், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று மூன்று ஆங்கிலப் பெயர்கள் உள்ளன. பெரும்பாலான ஆவணங்கள் இப்படியான ஆங்கிலப் பெயர்களை வைத்தே எழுதப்படுகின்றன. மும்மொழியில் செயலி செய்ய வேண்டிய இலங்கையில் அந்த மாதிரிகள் மறைக்கும் குறை பெரிது. 1987 இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது. அரச சேவைச் செயலிக்கு மூன்று மொழியும் வேண்டும். கொழும்பில் வணிகம் செய்பவருக்கும் அதே தேவைதான்.

செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றுக்கு, ஜிந்துப்பிட்டியில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிசையில் நான்கு தாவல்கள்: இன்றைய விலை, நகைகள், முற்பதிவுகள், அறிவித்தல்கள். திரையின் அகலம் 360 டிபி என்றால், எல்லாத் தாவலுக்கும் சம அகலம் தரும் நிலையான முறையில் ஒரு தாவலுக்கு 90 கிடைக்கும். இருபுறமும் 12 வீதம் விடுபட, எழுத்துக்கு 66 தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் ஓடர்ஸ் என்று எழுதினால் 14 அளவு எழுத்தில் இலகுவாக அடங்கும். 'அறிவித்தல்கள்' அடங்காது. சொல்லுக்குள் இடைவெளி இல்லாததால் அது நடுவே முறிந்து இரண்டாம் வரிக்குப் போகும். இரண்டு வரியானதும் டேப்லேஅவுட் எழுத்தை 12 அளவுக்குச் சுருக்கும். 'நகைகள்' ஒரு வரியில் பெரிதாகவும், பக்கத்தில் 'அறிவித்' என்று ஒரு வரியும் 'தல்கள்' என்று இன்னொரு வரியும் சிறிதாகவும் நிற்கும். தங்கவிலை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்தால் இரண்டாம் வரியும் புள்ளிகளில் முடிந்துவிடும். அன்ட்ரொய்ட் 14 இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம்.

'தாவல்கள் நான்கு வரை இருந்தால் நிலையான முறையைப் பயன்படுத்துக' என்ற ஆவண வாக்கியம் இங்கே உடைகிறது. எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாக்கிய விதி அது. திருத்தும்போது 'மிக நீளமான மொழியில், மிகப் பெரிய எழுத்தளவில், பெயர்கள் முறியாமல் அடங்கினால் நிலையான முறை. இல்லையேல் உருளும் முறை' என்று எழுத வேண்டும். உருளும் முறையில் ஒவ்வொரு தாவலும் தன் பெயருக்குரிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். கடைசித் தாவல் திரைக்கு வெளியே நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் ஆவணத்தில் ஒரு வரி எழுதலாம். தாவலின் பெயர் ஒரு பிரிவின் தலைப்பு. அதற்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. முற்பதிவு, அறிவித்தல் என்றாலே போதும். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காக 'அறிவி.' என்று வெட்டுவதோ, படத்தை மட்டும் வைத்துப் பெயரை நீக்குவதோ கூடாது. எழுத்தின் மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தை அகற்றச் சொல்லும் குறிப்பு ஆவணத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். 'மூ', 'கீ' போன்ற எழுத்துகளின் மேலுறுப்பும் கீழுறுப்பும் அங்கேதான் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

தமிழ் மொழிபெயர்ப்பு இன்னும் கைக்கு வராத நிலையிலும் நீளத்தைச் சோதிக்கலாம். அன்ட்ரொய்டில் சோதனைக்கென்றே ஒரு போலி மொழி உண்டு. ஆங்கிலச் சொற்களை அது செயற்கையாக நீட்டிக் காட்டும். ஆவணத்தின் மாதிரியை அந்த மொழியில் ஓட்டிப் பார்த்தால் எந்தத் தாவல் உடையும் என்று தெரிந்துவிடும்.

அணுகலும் ஸ்கிரீன்ஷொட்டும்

தொடும் பரப்பு அன்ட்ரொய்டில் 48 டிபி, ஐஓஎஸ் இல் 44 புள்ளி என்ற குறைந்த அளவைவிடத் தாவலைச் சிறிதாக்கும் நிரல் எந்த ஆவணத்திலும் இருக்கக் கூடாது. படம் மட்டும் உள்ள தாவலுக்கு, திரைவாசிப்பான் உச்சரிக்க ஒரு விவரணம் மாதிரி நிரலிலேயே இருக்க வேண்டும். 'விரும்பினால் சேர்க்கலாம்' என்று அடிக்குறிப்பில் தள்ளினால் எவரும் சேர்ப்பதில்லை. நிரலைத் திருத்திய பிறகு ஸ்கிரீன்ஷொட்டையும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய படமும் புதிய நிரலும் பக்கத்தில் நின்றால் படிப்பவர் படத்தையே நம்புவார்.

திருத்தத்தை அனுப்புதல்

திறந்த மூலத்துக்குப் பங்களிப்பது இலங்கைப் பொறியியலாளருக்குப் புதிய வழக்கமல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பணிகளுக்காக சஹானா மென்பொருள் இங்கேதான் திறந்த மூலமாக உருவானது. கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்றார்கள். நிரல் எழுதி அனுப்பும் அதே பாதையில் ஆவணத் திருத்தத்தையும் அனுப்பலாம்.

ஃபிளட்டரின் ஆவணங்கள் கிட்ஹப்பில் தனிக் களஞ்சியமாக உள்ளன. மெட்டீரியல் அன்ட்ரொய்ட் கூறுகளின் ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. தாவல்களுக்கென்று அதில் தனிக் கோப்பு உண்டு. ரியக்ட் நேவிகேஷன் ஆவணங்களும் கிட்ஹப்பில்தான், ஆனால் பதிப்பு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டவை. அங்கே அவதானம் வேண்டும். 5ஆம் பதிப்பில் தாவல்பட்டையின் நிறங்களுக்கு டேப்பார்ஒப்ஷன்ஸ் என்ற அமைப்பு இருந்தது; 6ஆம் பதிப்பில் அவை ஸ்கிரீன்ஒப்ஷன்ஸுக்குள் போயின. 5ஆம் பதிப்பின் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பழையதாயிற்றே என்று புதிய முறைக்கு மாற்றினால் சரியாக இருந்த ஆவணம் பிழையாகிவிடும். அந்தப் பதிப்பையே இன்னும் வைத்திருக்கும் செயலிகளுக்காகத்தான் அந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. அப்பிளின் ஆவணங்களை நேரே திருத்த முடியாது. அவர்களுடைய பின்னூட்டச் செயலி வழியாக முறையிட வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டும் அனுப்புவது நல்லது. பெயரில்லாத தாவலையும் பின்செல் நடத்தையையும் எழுத்துப் பிழை நான்கையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால், பார்ப்பவர் ஒன்றில் தயங்கினாலும் எல்லாம் தேங்கி நிற்கும். திருத்தத்தோடு நான்கு தகவல்களை எழுத வேண்டும்: ஆவணம் என்ன சொல்கிறது, அதன்படி செய்தால் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எந்த நூலகப் பதிப்பில் எந்தக் கருவியில் ஓட்டிப் பார்த்தது. தமிழ் எழுத்து உடைந்த குறையானால் ஸ்கிரீன்ஷொட் கட்டாயம். பரிசீலிப்பவருக்குத் தமிழ் தெரியாது. சொல் எந்த இடத்தில் முறிந்தது, அது ஏன் படிக்க முடியாதது என்று படத்தில் கோடு போட்டுக் காட்டினால்தான் விளங்கும்.

ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கும். நிறுவனங்களின் உள்வழிகாட்டிகளும் வகுப்புப் பாடக்குறிப்புகளும் பெரும்பாலும் மூல ஆவணத்திலிருந்து நகலெடுத்தவை. மூலம் திருந்தினாலும் நகல் தானாகத் திருந்தாது. அவற்றைத் தேடி அதே திருத்தத்தைச் செய்து, ஓட்டிப் பார்த்த பதிப்பு எண்ணையும் திகதியையும் பக்கத்தின் அடியில் எழுதி வைக்க வேண்டும்.